நான்கு கியர் எழுதிய குமிழ்

அமாவாசைப் பூஜைக்கு அறுக்கும் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் குமிழ் அது. உச்சியில் வெள்ளைக் கோடுகளால் கியர்களின் வரைபடம் குழித்து எழுதப்பட்டிருக்கிறது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, இடது ஓரத்தில் தனியாகப் பின்னோக்கு கியர். கோடுகளில் இருந்த வெள்ளை பெரும்பாலும் போய்விட்டது. மூன்று என்ற எண் இருந்த இடம் முழுக்க வழவழப்பாகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் அந்தக் குமிழ் திருகப்பட்டிருக்கும் கம்பிக்குக் கீழே இருப்பது வேறொரு கியர் பெட்டி. அதில் ஐந்து கியர்கள். பின்னோக்கு கியர் இடது ஓரத்தில் இல்லை, வலது ஓரத்தில் கீழே இருக்கிறது. குமிழை நம்பி வண்டியை எடுப்பவர் சுவரில் மோதுவார். ஓசூரில் நான் வேலை செய்யும் நிறுவனத்தில் இப்படி ஒரு குமிழோடு வண்டியை வெளியே விட்டால், சோதனைப் பிரிவினர் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கியர் பெட்டி வடிவமைப்பதுதான் என் வேலை, ஆகவே இந்தத் தவறு என் கண்ணை உறுத்த வேண்டும். உறுத்தவும் செய்கிறது. ஆனாலும் நான் அதை மாற்றவில்லை.

வண்டி என் பெரியம்மாவுடையது. அம்மாவுக்கு மூத்தவர். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் அவருடைய ரிக் ஷெட் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரம் ஏற்றிய லாரிகளை எங்கள் பக்கம் ரிக் என்பார்கள். அவை கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் திரும்பாது. பெரியப்பா இறந்த பிறகு அவற்றை ஓட்டி நடத்தியது பெரியம்மாதான். ஷெட்டில் இருக்கும் ராட்சத லாரிகளுக்கு நடுவே, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி அந்தச் சின்ன வண்டி நிற்கும். இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத, இருவர் மட்டும் உட்காரும் பழைய பந்தய ரகக் கார். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்காரருக்குப் பெரியப்பா இரண்டு கிணறுகள் தோண்டிக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாக அந்தத் தோட்டக்காரர் தன் கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்த இதைக் கொடுத்தார். கொண்டுவந்த பிறகுதான் பெரியப்பாவுக்கு உறைத்தது, வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு இருக்கை. அவர் ஜீப்புக்குத் திரும்பினார். வண்டி பெரியம்மாவிடம் வந்தது.

அவர் அதை வைத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணம் எங்கள் உறவில் எல்லோருக்கும் மனப்பாடம். "மூணாவது ஆளுக்கு எடமில்லாத வண்டி. அதனாலதான் எனக்குப் புடிச்சிருக்குது." உண்மையில் இரண்டாவது ஆளையும் அவர் ஏற்றிப் பார்த்ததில்லை. அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் ஷெட்டுகளுக்கு விடுமுறை. கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, சூடம் காட்டி எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியம்மா அதற்குப் பிறகு சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தனியாக ஏற்காடு போவார். மேலே என்ன செய்வார் என்று கேட்டதற்கு, "ஒரு டீ குடிச்சுட்டு எறங்கி வாரேன்" என்றுதான் பதில். மாதம் முழுவதும் அலைபேசியில் ஓட்டுநர்களோடும் டீசல் கடைக்காரர்களோடும் தண்ணீர் வராத கிணற்றுக்காரர்களோடும் வாதாடிக்கொண்டிருந்த ஒருவர், யாரோடும் பேசாமல் இருந்த ஒரே பகல் அது.

பிறகு அவருடைய இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே காலத்தில் வண்டியின் மூன்றாவது கியரும் பழுதானது. ஏறும்போது எதுவும் தெரியாது. இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், மூன்றாவது தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். லாரிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி, கியர் கம்பியை முன்பக்கம் இழுத்துக் கட்டிவிடுவார்கள். பெரியம்மாவும் அதையே செய்திருந்தார். அதற்கு மேல் உள்ளங்கையால் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மலை இறங்குவார். மூன்று என்ற எண் தேய்ந்தது அப்படித்தான்.

அவருக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை. குரலை உயர்த்தத் தெரியாதவர். ரிக் எந்த ஊரில் நிற்கிறது, எந்த ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் தலையில் வைத்திருப்பவர். வண்டியை விற்க அவர் கோயம்புத்தூரில் ஒருவரைப் பிடித்திருந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர். வண்டியைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். ஒரே நிபந்தனை: எல்லாம் முதலில் வந்தபடியே இருக்க வேண்டும், உடம்பில் புதிதாக ஒரு துளைகூடக் கூடாது. பழுதான கியர் பெட்டி பழுதானபடியே இருக்கட்டும், அவர் பார்த்துக்கொள்வார். அண்ணன் இதைச் சொன்ன அன்றைக்குத்தான் பெரியம்மா என்னை அழைத்தார்.

"அம்மிணி, நீ கியர் பெட்டிக்குத்தானே படிச்ச? வந்து இதப் பாரு."

பெட்டியைத் தொடுவதற்கு முன் அதன் நோயைப் பார்க்க வேண்டும் என்றேன். அது என் வேலையின் முறை. அடுத்த நாள் அமாவாசை. அப்படித்தான் அந்த வண்டியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நானானேன்.

ஏறும்போது நான் குறித்துக்கொண்டவை: முதல் கியர் வண்டி முழுக்க நின்றால்தான் விழும். இரண்டாவது, கிளட்சை இரண்டு முறை மிதித்தால்தான் சத்தமில்லாமல் விழும். ஒவ்வொரு வளைவிலும் பெரியம்மாவின் இடது கால் இரண்டு முறை கீழே போனது. இரண்டாவது முறை அவர் உதடு உள்ளே மடிந்தது. மேலே டீ குடித்தோம். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி இருந்தார்.

இறக்கத்தில் பாதி தூரம் வரை எதுவும் நடக்கவில்லை. சைக்கிள் டியூப் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கீறல் ஒன்று ஒவ்வொரு அதிர்விலும் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அது அறுந்து என் முழங்காலில் சுளீரென்று அடித்தது. கம்பி பெரியம்மாவின் உள்ளங்கையை மீறிப் பின்னால் வந்தது. எஞ்சினின் முனகல் சட்டென்று அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் காதில் நிறைந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த கை அதை விட்டுவிட்டது போல் இருந்தது. பெரியம்மா பிரேக்கை மிதித்தார். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மேலிருந்து மிதித்துக்கொண்டே வந்ததில் அவை ஏற்கெனவே சூடாகியிருந்தன. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனதை அவர் தொடையின் அசைவில் பார்த்தேன். எரிந்த வாடை எழுந்தது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். அதுவும் அதே சூடான டிரம்களைத்தான் பிடிக்க வேண்டும், பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கிளட்சை மிதித்து, பிறகு விட வேண்டும். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதித்து எஞ்சினை வேகப்படுத்த வேண்டும். மறுபடி கிளட்சை மிதித்துக் கம்பியை இழுக்க வேண்டும். சரிவில் ஓடும் வண்டியில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பது என்பதை வகுப்பறையில் எழுதிக் காட்டுவது எளிது. பெரியம்மாவின் இடது கால் பெடல்மேல் இருந்தது. அது கீழே போகவில்லை. நடுங்கியது. அடுத்த கொண்டை ஊசி வளைவு கண்ணில் பட்டது. அதற்குள் ஒரு பேருந்து ஏறிவரும் சத்தமும் கேட்டது.

பெரியம்மா குமிழிலிருந்து கையை எடுத்தார். அந்த இடது கையைத் தன் முழங்காலுக்கு மேல் வைத்து, முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார்.

"ரெண்டு. நீ போடு அம்மிணி."

கிளட்ச் கீழே போனது, மேலே வந்தது. எஞ்சின் ஒரு முறை உறுமியது. வண்டி முன்னால் தாவியது போல் இருந்தது. மறுபடி அவர் கை காலை அழுத்துவதைப் பார்த்து, என் வலது கையால் குமிழை இழுத்தேன். பற்கள் உரசிய சத்தம் என் பல்லில் கேட்டது. பிறகு விழுந்தது. எஞ்சின் அலறிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுத்தது. ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, பேருந்தின் பக்கவாட்டை உரசாமல், பெரியம்மா வளைவைக் கடந்தார். அதற்கப்பால் மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினார். பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டி, மலையில் இதை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியம்மா நெடுநேரம் ஸ்டீயரிங்கை விடவில்லை. பிறகு துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டார். "கை நடுங்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு நடுங்குது. சித்தே இருந்து போலாம்" என்றார்.

சக்கரங்கள் ஆறும்வரை அங்கேயே இருந்துவிட்டு, மீதி மலையை இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். அந்தப் பக்கத்திலிருந்து ஷெட்டுக்குக் கணிசமான தூரம், சேலத்தின் நெரிசலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் அந்தப் பிரேக்கை மிதித்தபடி வந்தோம். அண்ணன் வாசலில் நின்றிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, முன்சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார். அறுந்த டியூபையும் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கோயம்புத்தூர்க்காரர் இந்த வாரமே வருகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பேரம் முடிவதில்தான் கண் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, இருக்கும் வழிகளை நான் வரிசையாகச் சொன்னேன். முதலாவது, இருக்கிற பெட்டியைப் பிரித்து, தேய்ந்த வளையங்களையும் பேரிங்குகளையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துப் புதுப்பிப்பது. மூன்றாவது நழுவாது, ஆனால் முதல் கியருக்கு நிற்கத்தான் வேண்டும், கிளட்ச்சின் கனமும் குறையாது, அதாவது முழங்காலுக்கு விடுதலை இல்லை. இரண்டாவது, இதே வண்டியின் பிந்திய மாதிரிக்கென்று அங்கே ஐந்து கியர் பெட்டி செய்கிறார்கள். எங்கள் வண்டி முந்திய மாதிரி, தளத்தின் நடுவே கியர் பெட்டியை மூடியிருக்கும் தகரக் குகை இதில் குறுகலானது, அது உள்ளே நுழையாது. மூன்றாவது, நம் நாட்டிலேயே கிடைக்கும் ஜப்பானிய வகைப் பெட்டி ஒன்றை, இடையில் ஓர் உலோகப் பலகை கடைந்து வைத்து எஞ்சினோடு பொருத்துவது. எல்லாக் கியரும் ஓடும்போதே விழும். அதோடு வரும் கிளட்சை மிதிக்கப் பாதி பலம் போதும். இந்த வகையிலும் இரண்டு உண்டு. ஒன்று காரிலிருந்து எடுப்பது, நெடுஞ்சாலையில் சுகமாகப் போகும், இறக்கத்தில் எஞ்சின் பிடி குறைவு. மற்றது சிறிய சரக்கு வண்டியிலிருந்து எடுப்பது, இரண்டாவதும் மூன்றாவதும் தாழ்ந்த கியர்கள், மலையில் வண்டியைக் கயிறு கட்டி இறக்குவது போல் இறக்கும். நேற்றுவரை நான் முன்னதைத்தான் பரிந்துரைத்திருப்பேன். காலையில் பார்த்ததற்குப் பிறகு பின்னதைச் சொன்னேன்.

பிறகு குறைகள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரப்பல்லர் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இடம் மாற்ற வேண்டும். தகரக் குகையை வெட்டி அகலப்படுத்த வேண்டும். வெட்டிவிட்டால் வண்டியை ஒருநாளும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. கடைசிக் குறைதான் பெரியது என்று சொல்லி முடித்தேன்.

பெரியம்மா விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியா, இவ சோத்துக்கு உப்புப் போடச் சொன்னாலும் மூணு வழி இருக்குதும்பா" என்றார் மகனிடம்.

அண்ணன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். வண்டி நல்ல இடத்துக்குப் போகிறது, நம்மைவிட நன்றாக வைத்துக்கொள்வார்கள், கால் ஆறின பிறகு ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், ஓட்டுநர் வைத்துக்கொண்டால் அதுவும் தேவையில்லை என்றார். நிறுத்தி, பிறகு சொன்னார்: "இன்னிக்குச் சக்கரம் கொதிச்சுதுங்கம்மா. வித்துப்போடலாங்க."

"பெட்டி மாத்துனா கொதிக்காதுன்னு சொல்றாளே."

"அவ சொல்றது பெட்டிக்குங்கம்மா. நாஞ் சொல்றது உங்களுக்கு."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. அந்த வீட்டில் சண்டை என்றால் அதுதான். மறுநாள் முழுக்க இருவரும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுச் சொல் என்பார் ஒருவர். காபி ஆறுகிறதென்று சொல் என்பார் மற்றவர். நான் ஓசூருக்குத் திரும்ப வேண்டும், பெட்டி எடுப்பதானால் உடனே ஆளிடம் சொல்ல வேண்டும். வாங்குபவர் வருவதற்குள் முடிவு வேண்டும். பெரியம்மா ரிக்குகளை விட்டுக்கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார் என்று நான் அஞ்சினேன். அந்த வண்டி போனால் அதற்கடுத்து எல்லாம் போகும் என்று எனக்குத் தோன்றியது. கணக்கிட்டுச் சொல்லக்கூடிய காரணமாக இல்லாததால் அதை என் வரிசையில் சேர்க்கவில்லை.

சாயங்காலம் பெரியம்மாவே சொன்னார். "நாளைக்குக் கருப்பனாருகிட்டக் கேட்டுப்போடலாம். அவரு சொல்றதுதான்."

எங்கள் பக்கத்தில் பூக் கேட்பது என்பார்கள். பெண் எடுக்க, நிலம் வாங்க, புதிய ரிக் இறக்க, எதிலும் மனம் இரண்டாகப் பிரிந்தால் கோவிலில் பூக் கேட்பார்கள். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். எதற்கு எந்த நிறம் என்று சாமியிடம் சொல்லிவிட்டு, விவரம் அறியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவுக்கு மேல் வாக்குவாதம் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, கிணற்றில் போட்டுவிட வேண்டும். அண்ணன் தலையசைத்தார். என் நிலையைச் சொல்ல வேண்டுமானால், பல் எண்ணிக்கை வரை கணக்கிட்டு வைத்திருந்த ஒரு முடிவு இரண்டு பூக்களுக்கு நடுவே போய் நின்றதில் எனக்கு உறக்கம் வரவில்லை.

காட்டு எல்லையில் வேப்பமரத்தடியில் இருக்கும் கருப்பனார் கோவில் அது. வழக்கமாகப் பூசாரிதான் பொட்டலம் கட்டுவார். அன்று பெரியம்மா வரும்போதே பூவரச இலையில் இரண்டையும் மடித்து வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சூடம் காட்டிய பிறகு அவரே சத்தமாகச் சொன்னார்: வெள்ளை வந்தால் வண்டியை இருக்கிறபடியே கொடுத்துவிடுவது, சிவப்பு வந்தால் புதுப் பெட்டி போட்டு வைத்துக்கொள்வது. பூசாரி தன் பேத்தியைக் கூப்பிடத் திரும்பினார். பெரியம்மா தடுத்தார்.

"எம் மவனே எடுக்கட்டுங்க. அவனுக்குத்தானே மனசு ஆறோணும்." பிறகு அண்ணனைப் பார்த்து, "எடு சாமி" என்றார்.

அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். கை ஒரு பொட்டலத்தின் மேல் போனது, நின்றது, மற்றதன் மேல் வந்தது, மறுபடி நின்றது. பூசாரி மணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். அண்ணனின் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். எழுந்துவிடப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அலைபேசியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு அப்பால் நடந்தார். கோயம்புத்தூர்க்காரரிடம் அவர் மன்னிப்புக் கேட்பது இங்குவரை கேட்டது.

பெரியம்மா மற்ற பொட்டலத்தை என் கையில் கொடுத்து, கிணற்றில் போட்டுவிட்டு வரச் சொன்னார். கிணற்று மேட்டில் ஏறும்போது நார் தளர்ந்து இலை விலகியது. உள்ளே தெரிந்த இதழும் சிவப்பு. நான் அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது இலையை விட்டுப் பிரிந்து மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன்.

"பெரிம்மா, அதுலயும் செவப்புத்தானுங்க."

அவர் திரும்பவில்லை. "வெள்ளை எதுக்கு?" என்றார். பிறகு, "நீ கொறையெல்லாம் எண்ணிச் சொன்னியே, கடைசியா என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"வெட்டிட்டாப் பழைய நெலைக்கு வராதுன்னு சொன்னேன்."

"அந்த ஒண்ணுக்குத்தான் அந்தப் பெட்டி. வெட்டுன வண்டிய எவன் வந்து கேப்பான்? இந்த ஒருத்தர் போனா இன்னொருத்தரு வருவாரு. அவுங்களும் தொளையில்லாத வண்டிதான் கேப்பாங்க. தொளையப் போட்டுட்டா அந்தப் பேச்சே இல்ல."

என் வரிசையில் பெரிய குறை என்று அடிக்கோடிட்ட ஒன்று, அவருக்கு அதில் இருந்த ஒரே நன்மையாக இருந்திருக்கிறது. திரும்பி வரும் எந்த வழியையும் அடைத்துவிடக் கூடாது என்பது என் படிப்பு எனக்குக் கற்பித்த பாடம். அவர் அடைப்பதற்காகவே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார். சாமியை வைத்து இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"கருப்பனாரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. எத்தன கெணத்துல அவரு சொன்ன எடத்துலயே தண்ணியில்லாம உட்டிருக்காரு, நான் ஏதாச்சும் கேட்டனா?" பிறகு சிரிப்பு போய்விட்ட குரலில் சொன்னார்: "உங்கண்ணன் கெட்டவனில்ல அம்மிணி. பயந்தவன். பயந்தவங்கிட்ட நாயம் பேச முடியாது. சாமி பேசுனா கேட்டுக்குவான்."

நான் சரக்கு வண்டிப் பெட்டியையே தேர்ந்தெடுத்தேன். இடைப் பலகையைச் சேலத்தில் கடைந்தோம். ஷாஃப்டைச் சங்ககிரியில் லாரிப் பட்டறையில் குட்டையாக்கினோம். அவ்வளவு சின்ன ஷாஃப்டைப் பார்த்து அங்கே எல்லாரும் சிரித்தார்கள், குழந்தை வண்டிக்கா என்று கேட்டார்கள். தகரக் குகையை வெட்டும் நாளில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். வெல்டர் கோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இது அவ்வளவு பழைய உடம்பாயிற்றே என்று தயங்கினார். அண்ணன் அவர் கையிலிருந்து கிரைண்டரை வாங்கினார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, என் கோட்டின்மேலேயே, ஒரு மில்லிமீட்டர் விலகாமல் வெட்டினார். தீப்பொறிகள் ஷெட்டின் கதவுவரை தெறித்தன. பெரியம்மா தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ டீசல் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாம் பொருத்திய பிறகு ஐந்து கியர் எழுதிய புதுக் குமிழ் ஒன்றை மாட்டினேன். பெரியம்மா அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார், பழையதை மாட்டச் சொன்னார். அதில் இருப்பது தப்பான படம், ஆபத்து என்றேன். "எனக்குத் தெரியுமில்ல" என்றார். அடுத்த அமாவாசைக்கு ஏற்காடு போனார், தனியாகத்தான். அண்ணன் அன்று ஷெட்டில் வேலையில்லாத வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தாராம். வண்டி திரும்பி வந்ததும் சக்கரத்தைத் தொட எழுந்தவரைப் பெரியம்மா பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் அந்தப் பெட்டி ஒரு குறையும் சொல்லவில்லை. அவரும் ரிக்குகளை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன தை அமாவாசைக் காலையில், பூஜை முடிந்து, ஏற்காடு கிளம்புவதற்கு முன் ஷெட் நாற்காலியிலேயே பெரியம்மா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். வெட்டின வண்டி, இதை எவன் வாங்குவான், நீயே வைத்துக்கொள் என்றார். வாங்கிக்கொண்டு, ஏற்காடு வருகிறீர்களா என்று கேட்டேன். அவர் அதுவரை அந்த வண்டியில் உட்கார்ந்ததில்லை.

மேலே டீ குடித்தோம். இறங்கும்போது மூன்றாவதில் போட்டுவிட்டுக் காலை எடுத்தேன். எஞ்சின் முனகியபடி வண்டியைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் குமிழையே பார்த்துக்கொண்டு வந்தார். "நாலுதான் எழுதியிருக்குது. அஞ்சாவது எங்க?" என்றார். காட்டினேன். அந்த வளைவு வந்தபோது இரண்டாவதுக்கு மாற்றினேன். வேகம் குறைந்தது. அவர் இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்திருந்தார். வளைவு கடந்ததும் பேச ஆரம்பித்தார்.

"பூக் கேட்ட அன்னிக்கு வெடியால அம்மா என்னத்தான் பூப் பறிச்சாரச் சொன்னாங்க. வெள்ளையும் பறிக்கட்டுங்களான்னு கேட்டேன். செவப்புப் போதும், வெள்ளை கோவில்லயே இருக்குதுன்னாங்க. ஆனா ரெண்டு பொட்டலத்தையும் ஊட்லயே கட்டிட்டாங்க."

சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தெரிந்துமா எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"எத எடுத்தாலும் செவப்புத்தான். எடுக்காம எந்திரிச்சுப் போயிரலாமான்னுதான் அவ்வளவு நேரம் இருந்தேன். சக்கரத்தத் தொட்ட கை அதுவரைக்கும் எரிஞ்சுட்டே இருந்துச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவங்களுக்கு அவ்வளவு வேணுங்கறபோது நான் என்ன செய்யறது?" என்றார்.

கோவிலில் அந்தக் கை இரண்டு பொட்டலங்களுக்கும் நடுவே நின்றது நினைவுக்கு வந்தது. பிறகு கிரைண்டர், என் கோட்டை விட்டு விலகாத அந்த வெட்டு. சாமி பேசினால் கேட்டுக்கொள்வான் என்று பெரியம்மா நம்பிக்கொண்டே போய்விட்டார்.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இறங்கி, முன்பக்கம் சுற்றி வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்தார். மூன்று அழிந்துபோன குமிழின் மேல் கை வைத்தபடி நான் காத்திருந்தேன். அவர் கையை எடுக்கவில்லை.